எண்ணெய் ஊற்றாத கோழி

நேற்றுச் சம்பளம், இன்று ஞாயிறு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக எல்லா வீட்டிலும் கோழிதான்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தோட்டத்து டாக்டரையா எண்ணெயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதனால் பதுளை டவுனில் வாங்கி வந்த கோழியைத் தோலுரித்து, இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டு அவித்தேன். தேங்காய்ப்பால்கூட இல்லை. உண்மையில் நன்றாகவே இருந்தது.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

“ஒடம்புக்கு நல்லதுங்க.”

“ஆமா, நாக்குக்குத்தான் ஒன்னுமில்ல.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா மிளகாய்த்தூள் பிரட்டிய கோழியைப் பொரிக்கத் தொடங்கினார். லயத்துச் சுவர் வாசத்தையெல்லாம் தடுக்காது.

வாசம் வந்த பக்கம் திரும்பியவர், “நம்ம கறியில கொஞ்சம் அக்காவுக்குக் குடுக்க வேணாமா? நானே குடுத்துட்டு வாறேன்” என்று எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் தூக்காத மனுஷன். இருப்பதிலேயே பெரிய கிண்ணமாகப் பார்த்து எடுத்தார்.

கறி கொண்டுபோன கிண்ணத்தை எங்கள் லயத்தில் யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை.

பொரித்த கோழியோடு வந்து, “வேணாம்னு சொன்னா அக்கா மனசு நோகுமே” என்றார். ஒரு கோழிக்காலை என் தட்டில் வைத்தார். நானும் மறுக்கவில்லை. அவர் மனசும் நோகக் கூடாது பாருங்கள்.

புதன்கிழமை டாக்டரையா விசாரிப்பார். என் அடுப்பில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை என்று சத்தியமே செய்வேன். கிண்ணத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, யாராவது சொல்லுங்கள்.