பையின் வாயைப் பிடித்து நின்றவர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பொறாமையை எழுதினால் பெருமாள் என்ன நினைப்பாரோ என்ற பயம்.

திருத்தணி ஆந்திரத்துக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். திருப்பதியில் எனக்கு மளிகைக் கடை. புரட்டாசியில் மாவிளக்கு நேர்ந்துகொண்டவர்கள், அளந்து வைத்த அரிசியையும் வெல்லத்தையும் தங்கள் கையாலேயே பையில் போட்டுக்கொள்வோம் என்பார்கள். சிந்திவிடுவார்கள், நேரமாகும் என்று பையை வாங்கி நானே போட்டுவிடுவேன்.

எதிர்க்கடையில் பொட்டலம் கட்டுபவர் அப்படியில்லை. நெட்டை உருவம், நெற்றி நிறைய நாமம். அப்படிக் கேட்டவர்கள் கையில் முதலில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். என் கூட்டமெல்லாம் அங்கே போனது. வயிறு எரிந்தது.

"கீழ கொட்டிக்கினே கீறாங்க, நீ பார்த்துக்கினு நிக்கிறியே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டுதல் அவங்களுது சாமி. இத்தினி வருசமா நீங்க போட்டுக் குடுத்தீங்களே, அந்தப் புண்ணியம்லாம் உங்களுக்கா வந்துச்சி?" என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் இறங்கியதற்காக மாவிளக்குப் போட இருந்த என் மனைவி, தெருவைக் கடந்து அவரிடம் போனாள். அவர் பையைப் பிடிக்க, அவள் ஒவ்வொரு பிடியாக, ஏதோ முணுமுணுத்தபடி அரிசி போட்டாள்.

"நம்ம கடையில அரிசி இல்லியா?" என்றேன்.

"கீது. நீங்க பையைப் புடுங்கிடுவீங்களே."

பெருமாள் எதிரில் கைகூப்பும்போதுகூட இன்றைக்கும் அந்த மனிதர்தான் நினைவில் குறுக்கே வருகிறார். இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். எனக்காக என் பொறாமையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.