ஆரோக்கியம் கையில் ஒரு பாட்டில்

படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு ஊர் முதலில் இருமலாகத்தான் வந்து சேரும், முகங்கள் அப்புறம்தான். இந்த வேலையில் தொண்டை கட்டிக்கொண்ட நண்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் எனக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. அதனால்தான், ஊருக்கு ஊர் சாராயக் கடை திறந்திருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், மாதாகோயில் குடிமறப்பு நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

தள்ளாட்டம்

குடிகாரன் வேஷத்துக்கு முதலில் பிடித்தது கோயில் பாடகர் ஒருவரை. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒத்திகையில் அவர் தள்ளாடியதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெஞ்சு தூக்க வந்த ஆரோக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. லேத் ஆபரேட்டர், குடியை விட்டு எட்டு மாதம். எழுந்து வந்து, கோடு போட்ட மாதிரி நேராக நடந்து காட்டினான். ஒவ்வொரு அடியும் அவ்வளவு கவனம். வேஷம் அப்போதே கை மாறிவிட்டது.

"குடிச்சவன் தள்ளாட மாட்டாண்ணே. நேராத்தான் நடக்கறேன்னு வூட்ல காட்டணும்ல, அதுக்குத்தான் அவ்ளோ பாடு."

லூர்து வந்தாள்

மறுநாள் அவன் மனைவி லூர்து என்னைத் தேடி வந்து, வேஷத்தை மாற்றச் சொன்னாள். பாட்டிலில் இருக்கப்போவது வெறும் தண்ணீர் என்றேன். பழைய புத்தகக் கடையில் பொறுக்கிப் படித்த அறிவையெல்லாம் எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தண்ணின்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தெரியுமாண்ணே?"

மூன்றாம் காட்சி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். நிஜமாக இருக்கட்டும் என்று சாராயக் கடையிலிருந்து காலி பாட்டில் வாங்கி வந்தவன் நான். ஷிப்ட் முடித்த கலக்கத்தில், கழுவாமலே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். ஆரோக்கியம் அதை வாயருகே கொண்டுபோனான். வாடை. அப்படியே நின்றுவிட்டான். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மூன்று தரம் வசனம் எடுத்துக் கொடுத்தேன், காதில் ஏறவில்லை.

முன்வரிசையிலிருந்து லூர்து எழுந்து மேடையேறினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தாள். என் பக்கம் ஒரு பார்வை. நாடகம் தீர்ந்தது என்றே நினைத்தேன். இறங்கிப் போய்க் குழாயடியில் நன்றாக அலசி, ரொப்பிக்கொண்டு வந்தாள். ஊரே பார்க்க முதல் மடக்கைத் தான் குடித்துவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

"வெறும் தண்ணிதான். நடிய்யா."

அதற்கப்புறம் அவன் நடித்ததற்கு ஒரு வரிகூட நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஊரைத் திருத்தக் கிளம்பிய எங்களில் ஒருவருக்கும் ஒரு பாட்டிலைக் கழுவத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே, ராத்திரி ஷிப்டுக்கு டிபன் டப்பாவைத் தேய்க்க உட்கார்ந்தேன்.