குடும்ப நோய் அல்ல

யுத்த காலத்தில் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் கிளினிக்கில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். அங்கிருந்த டொக்டர் சிங்களப் பெண்மணி. தமிழ் தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

ஒரு நாள் ஈச்சிலம்பற்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். மூதூர் வரை உழவு இயந்திரப் பெட்டியில், அங்கிருந்து லோஞ்ச் படகில். முன்பு வெட்டிச் சோதனைக்கு அனுப்பிய சதைத்துண்டின் முடிவு வந்திருந்தது. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய், ஆரம்ப நிலை. நான் சொன்னபோது அவர் அழவில்லை. தமக்கையும் இதே நோயில்தான் போனவராம். இவரும் கிளினிக்குக்கு வந்துபோகத் தொடங்கியதும் குடும்ப நோய் என்று ஊரில் கதை பரவி, மூத்த மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுவிட்டதாம்.

"தங்கச்சி, என்ர பிள்ளையளுக்கும் இது இரத்தத்தில வருமோ? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

டொக்டர் ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். கட்டி வளராமல் தடுக்கும் மரபணு ஒன்று நம் உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களில் உண்டு. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், பழுதான கலம் பெருகாதபடி தடுத்துவிடும். இந்தப் புற்றுநோயில் அந்த மரபணு பெரும்பாலும் கெடுவதில்லை. கலியாணம் கட்டிய எந்தப் பெண்ணுக்கும் தொற்றக்கூடிய ஒரு வைரசு நெடுநாள் தங்கி, அந்தப் புரதத்தை அழித்துவிடுகிறது. எனக்கே அது புதிது. தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தடுக்கிற சாமான் எங்கட உடம்பில சரியாத்தான் இருக்கு. கிருமிதான் அதை வேலை செய்ய விடேல்ல. அப்பிடித்தானே?"

நான் சொன்னதை விட அது எவ்வளவோ தெளிவு. எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், இப்படிப் பிடித்துக்கொண்டவர் வேறு யாருமில்லை. சிங்களத்தில் திருப்பிச் சொன்னதும் டொக்டரும் சிரித்துத் தலையாட்டினார். அதை எழுதித் தரும்படி கேட்டார் அந்த அம்மா. அவருடைய சொற்களிலேயே எழுதினேன். டொக்டர் ஒப்பமிட்டார்.

சத்திரசிகிச்சை செய்து கருப்பையை எடுத்தார்கள். வீடு போனவர் அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. சண்டை மூண்டு லோஞ்ச் ஓட்டம் நின்றிருந்தது. அவர் பெயர் எழுதிய கொப்பியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கிய கிழமை, அந்த அம்மா ஐந்து பெண்களோடு வந்து வாசல் வாங்கில் அமர்ந்திருந்தார். எல்லோரையும் சோதிக்க வேண்டுமாம். அவர்களில் ஒருவரைக் காட்டி, "இவதான் மாப்பிள்ளையின்ர தாய். கடிதத்தை வாசிச்சிட்டு ஓம் எண்டவ. கலியாணம் முடிஞ்சுது" என்றார்.

அந்த ஐவரில் ஒருவருக்குக் கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன. புற்றாக மாறுமுன்னரே சிகிச்சை செய்ய முடிந்தது. வரவே ஏலாது என்று நின்ற அந்தப் பெண்ணை, இரண்டு நாள் வீட்டுக்குப் போய்க் கதைத்துக் கூட்டி வந்ததும் அந்த அம்மாதானாம்.