ஜோவானாவின் கம்பத்துச் சக்கரம்

"உன் காக்காயெல்லாம் உன் கூரையிலயே உக்காரட்டும் சாந்தி! என் சக்கரத்துல எதுக்கு?"

பக்கத்து வீட்டு ஜோவானா வேலிக்கு அந்தப் பக்கம் துடைப்பத்தோடு நின்று கத்தினாள். செத்துப்போன என் வீட்டுக்காரரை நினைத்துத் தினமும் காக்காய்க்குச் சோறு வைப்பவள் நான். விடுவேனா?

"பறவைக்குத்தானே கம்பம் நட்ட? எது உக்காந்தா உனக்கு என்ன?"

இரண்டு பேர் பேசுவதும் ஓட்டை இங்கிலீஷ். சண்டைக்கு அது போதும்.

ஜோவானா போலந்துக்காரி. கல்யாணமான கையோடு நியூ ஜெர்சிக்கு வந்து, ஊரார் வீடுகளைப் பெருக்கித் துடைத்தே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு வாங்கியவள். புருஷன் செத்த குளிர்காலம் முடிந்ததும் தோட்டத்தில் கம்பம் நட்டு, உச்சியில் பழைய வண்டிச் சக்கரத்தைப் படுக்கவைத்தாள். நாரை கூடு கட்டுவதற்காம். அவள் ஊர் வழக்கம்.

அந்த ஊரை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். கிழக்கே ஒரு சின்ன மாவட்டம். பனி உருகினால் ஆறு கரையை மறந்து புல்வெளி முழுக்க ஏறிவிடுமாம். மரத்தாலான மாதா கோயில், ஜன்னலுக்கு நீலம் பூசிய வீடுகள், எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்குமாம். அப்போது வெள்ளை நாரைகள் வரும். சிவப்புக் காலால் மேகத்தின் மேலேயே நடக்கும். எந்த வீட்டில் கூடு கட்டுகிறதோ அந்த வீட்டில் இடி விழாதாம். கேட்டுக்கொண்டிருந்தால் என் பாதமே ஈரமாகும்.

மருமகள் பிரீத்தி போனில் தேடிப் பார்த்தாள். "அந்த நாரை அமெரிக்கா பக்கமே வராது அத்தை. ஆன்ட்டி கிட்ட சொல்லிடாதீங்க, பாவம்."

நானும் சொல்லவில்லை. சக்கரம் வெறுமனே கிடக்க வேண்டாமென்று காக்காய்க்குப் பின்பக்க வேலியோரம் ஒரு பிடி சோறு கூடப் போட்டேன். அதற்குத்தான் இந்தத் துடைப்பம். எனக்கு வாய் நிற்கவில்லை.

"உன் நாரை வராதுடி! கடல் தாண்டி இங்க வந்ததே இல்ல!"

ஜோவானா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்கு இந்தக் கூத்து?"

"காலியா இருக்கறதப் பாக்கத்தான். தினம் பாத்தா ஒருநாள் ஊருக்குக் கிளம்பிடுவேன். நீ காக்காய அனுப்பி வைக்கிற. ஒண்ணு வந்து உக்காந்தா, சரி, இதுவும் ஊருதான்னு மனசு படுத்துக்குது."

புருஷன் இருந்தவரை அவளை ஊருக்கு விடவில்லை. இப்போது தடுப்பதற்கு அவளைத் தவிர யாருமில்லை.

மறுநாளிலிருந்து சோற்றை முன்வாசலில் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு வழி தெரியும். பின்பக்கம் காலைப் பனிமூட்டத்தில் கம்பம் மறைந்து, சக்கரம் மட்டும் வானத்தில் மிதக்கும். காபிக் கோப்பை ஆறுவது தெரியாமல் ஜோவானா அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்த மார்ச்சில் வேலியோரம் கூப்பிட்டாள். பிரீத்தியை உட்காரவைத்து விமான டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

"எப்ப திரும்புவ?"

"எவ்ளோ ஆச்சுன்னு கேளு."

எழுநூற்று நாற்பது டாலர். போக மட்டும்.