பனிக்குள் இன்னொரு நடை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் பேய் பிசாசு என்று அலைகிற ஆள் கிடையாது. தங்கச்சன் என்று பெயர், ஆலப்புழைப் பக்கம் கைனகரியில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எதுவானாலும் எடுப்பேன். சவப்பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்களை உயரம் பார்த்து நிறுத்தி, "மூத்த மருமகன் கொஞ்சம் உள்ள வாங்க" என்று சொல்லிப் படம் எடுக்கிறவனுக்குப் பிணத்திடம் என்ன பயம்? வாழ்க்கையில் நான் பயந்தது ஒரே ஒரு காலை நேரத்தில்தான். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.

முதலில் அஜயகோஷ் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எர்ணாகுளத்துக்காரர். இயற்கையைப் படம் பிடிக்கிற கலைஞர் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வார். உடம்பெல்லாம் பை வைத்த காக்கிச் சட்டை, ஏதோ யானைக் கூட்டத்துக்கு நடுவில் குடியிருப்பவர் மாதிரி. உண்மையில் குடியிருப்பது பதினாலாவது மாடியில். வெளியூர் போகாத நாட்களில் தன் பால்கனியில் காப்பிக் கோப்பையை வைத்துப் படம் எடுத்து, காலை ஏழு மணிக்கு ஃபேஸ்புக்கில் போடுவார். தினமும் அதே கோப்பை. அதற்கும் 'ஆஹா' என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, விலை கூடின கேமராவை வாங்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாத ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் காயலுக்கு வருவார். "மக்களோட அன்றாட வாழ்க்கையை அப்படியே பிடிக்கணும்" என்று வகுப்பு எடுப்பார். எப்படிப் பிடிப்பார் தெரியுமா? ஆள் வைத்துப் பிடிப்பார். பனி மூடின காலையில் எங்கள் ஊரில் எவனும் வள்ளம் இறக்க மாட்டான். மீன் பிடிக்கிறவன் பிடித்து முடித்து வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஆனால் சாருக்குப் பனியில் வள்ளம் வேண்டும். ஆகவே ஒருவரை வள்ளத்தில் ஏற்றி, போ, வா, இன்னொரு நடை போய்விட்டு வா என்று துடுப்புப் போடச் சொல்வார். அதுதான் அன்றாட வாழ்க்கையாம். இதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் இடம் காட்டுவதும் என் வேலை. வயிற்றுப் பிழைப்பு, என்ன செய்ய.

அவருடைய பேர்போன படம் ஒன்று இருக்கிறது. நான் பயந்த அந்தக் காலைக்கு முந்தின வருஷம் எடுத்தது. வெள்ளைப் பனி, சின்ன வள்ளம், தலையில் சிவப்புத் துண்டு கட்டின ஒரு கிழவர். படத்துக்குப் பெயர் 'தனிமை'. பரிசெல்லாம் வாங்கி, ஆலப்புழையில் ஒரு ஹோட்டல் சுவரில் கதவு உயரத்துக்குத் தொங்குகிறது. கிழவரின் பெயர் எங்கேயும் இல்லை. பாப்பச்சன் சேட்டன், காது கொஞ்சம் மந்தம். அந்தச் சிவப்புத் துண்டுகூட அவருடையது இல்லை. படத்தில் ஒரு நிறம் வேண்டுமென்று சார் கடையில் வாங்கிக் கட்டிவிட்டது. எங்கள் பக்கம் எல்லோரும் கட்டுவது வெள்ளைத் தோர்த்துதான். அந்த வருஷம் எனக்குக் கல்யாண வேலை, நான் கூடப் போகவில்லை. பிறகு சேட்டன் எடத்துவாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய ஆட்கள், வேலை ஏவினவர் 'போதும்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் கையை எடுக்க மாட்டார்கள். காயல் வயலில் சக்கரம் மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்துப் பழக்கம். கால் மரத்துப் போனாலும் மேஸ்திரி சொன்னால்தான் இறங்குவார்கள். படம் எடுக்கிற வேலையிலும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பனிக்குள் இருக்கிறவருக்குக் கரையில் நிற்கிற நம்மைத் தெரியாது. அதனால் யார் துடுப்புப் போடச் சொன்னாரோ அவரேதான் குரல் கொடுத்து 'போதும்' சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. அஜயகோஷ் சார் அதை என்றைக்கும் சொன்னதில்லை. வெளிச்சம் ஏறினதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்பம் தின்னப் போய்விடுவார். ஒரு தடவை கேட்டேன்.

"சார், போதும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்."

"நாம கெளம்பினா அவனே புரிஞ்சுக்குவான் தங்கச்சா. நான் என்ன அவனுக்கு மேஸ்திரியா?"

அன்றைக்கு வருவோம். கேமராவில் நேரம் பதிவாகும், அதனால் நேரம் சரியாகத் தெரியும். காலை 6.05. மோட்டார் படகை ஒரு தென்னங்குற்றியில் கட்டிவிட்டுக் கரையில் இறங்கினோம். பனி என்றால் அப்படி ஒரு பனி. பத்தடிக்கு அப்பால் காயல் இருக்கிறது என்று நம்பிக்கைதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. எதிரே ஒரு மூங்கில் கழி, அதன் மேல் ஒரு நீர்க்காகம். கழியின் நிழலும் காகத்தின் நிழலும் தண்ணீரில் துல்லியமாகத் தெரிந்தன.

இந்தத் தடவை நான் ஏற்பாடு செய்திருந்தது கள்ளிறக்குகிற ஷைனை. அவன் வீடு கிழக்குப் பக்கம். கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன்.

6.18. வள்ளம் வந்துவிட்டது.

மேற்கிலிருந்து.

அந்தப் பக்கம் வீடே கிடையாது. வெறும் காயல்.

"பாத்தீங்களா, இதான் ஃப்ரேம்" என்றார் சார். ஆறு கேமராவும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தன. வள்ளம் குறுக்கே போய்ப் பனிக்குள் மறைந்தது. சார் கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"இன்னொரு நடை. கொஞ்சம் கிட்ட."

வள்ளம் திரும்பி வந்தது. சொன்ன மாதிரியே கொஞ்சம் கிட்ட. எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. துடுப்பு தண்ணீரில் இறங்குகிறது, ஏறுகிறது. சத்தம் இல்லை. சும்மாவா, பனிக்காலத்துக் காயலில் ஒருவன் தும்மினால் அக்கரைக்குக் கேட்கும்.

"ரிஃப்ளெக்‌ஷன் வரலியே" என்று சார் சலித்துக்கொண்டார். "தண்ணி அசையுது போல."

தண்ணீர் அசையவில்லை.

என் பக்கத்தில் ஹஸீனா என்றொரு பெண் நின்றிருந்தாள். திருச்சூரில் வங்கி வேலை. அந்த ஆறு பேரில் கண்ணைப் பயன்படுத்துகிற ஒரே ஆள். கேமராவை இறக்கிவிட்டு என் காதருகே கேட்டாள்.

"சேட்டா, கழிக்கு நிழல் இருக்கு. காக்காவுக்கு இருக்கு. வள்ளத்துக்கு ஏன் இல்ல?"

நான் காகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளம் அதன் கழியை உரசிக்கொண்டு போகிறது... அது பறக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6.31. என் ஃபோன் அடித்தது.

ஷைன்.

"சேட்டா, கோவிச்சுக்காதீங்க. ராத்திரியிலேர்ந்து காய்ச்சல். எழுந்திருக்கவே முடியல. வேற ஆளப் பாத்துக்குங்க."

ஃபோனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தேன். பனி ஒரு நிமிஷம் விலகியது.

தலையில் சிவப்புத் துண்டு.

"சார்" என்றேன். "அது ஷைன் இல்ல."

"யாரா இருந்தா என்னய்யா? லைட் போகுது."

"சார், அது பாப்பச்சன் சேட்டன். துண்டப் பாருங்க."

"அட, நல்லதாப் போச்சு. பழைய ஆளு, சொன்னது புரியும்." மறுபடி கையைக் குவித்தார். "இன்னும் கிட்ட. இன்னும்."



வள்ளம் திரும்பியது. இந்தத் தடவை குறுக்கே போகவில்லை.

நேராக வந்தது.

ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்த இடம் அது. மோட்டார் படகே திணறும். இலை ஒன்றுகூட விலகவில்லை...

பதினைந்தடி.

பத்தடி.

ஒவ்வொருவராகக் கேமராவை இறக்கினார்கள். பல் டாக்டர் ஒருவர் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். சார் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்தடி.

துடுப்பு நின்றது.

சேட்டனின் முகம் நனைந்து வெளுத்திருந்தது. எங்களில் யாரையும் அவர் பார்க்கவில்லை. சாரை மட்டும் பார்த்தார். கோபம் இல்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதை எங்கள் பக்கம் திருப்பினார். மந்தக் காதுக்காரர்கள் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பார்களே, அப்படி.

"சார்... போதும்னு சொல்லுங்க."

சார் வாயே திறக்கவில்லை. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"சார், ஒரு வார்த்தை. சொல்லுங்க சார்."

திரும்பினார். ஓடினார். யானைக்கு நடுவில் வாழ்கிறவர், கேமரா முக்காலியைத் தட்டிவிட்டு, ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு, முதல் ஆளாகப் படகில் ஏறி "படகை எடு, எடு" என்று கத்தினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நானே சொன்னேன். "போதும் சேட்டா. போதும்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சார் ஓடின திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக வள்ளத்தைத் திருப்பினார்.

இன்னொரு நடைக்கு.

சாருடையதையும் சேர்த்து ஏழு கேமராவையும் பிறகு பார்த்தோம். பனி, கழி, காகம். அவ்வளவுதான். சாருக்கு அப்பம் இறங்கினதும் தைரியமும் வந்துவிட்டது. "ஏதோ வெளிச்சக் கோளாறு, உங்களுக்கெல்லாம் மனப்பிராந்தி" என்றார். ஓடினதும் மனப்பிராந்திதானா என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஒரு மாசம் கழித்து அந்த வெறும் பனியையும் ஒரு படம் என்று போட்டார். பெயர் 'வெறுமை'. அதற்கும் 'ஆஹா' வந்தது. தூ.

ஜனவரி கடைசியில் எடத்துவாவில் ஒரு நிச்சயதார்த்த வேலை. முடித்துவிட்டு பாப்பச்சன் சேட்டனின் மகள் லிஸம்மா வீட்டைத் தேடிப் போனேன். சாயா கொடுத்தாள்.

"அப்பச்சன் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே தங்கச்சா. உனக்குத் தெரியாதா?"

"எப்படி சேச்சி?"

"படம் எடுக்கறேன்னு ஒரு சார் கூட்டிட்டுப் போனாருல்ல. அவங்க காலையிலேயே கெளம்பிட்டாங்களாம். இவரு பனிக்குள்ள போயிட்டும் வந்துட்டும் இருந்திருக்காரு. உச்சிப் பொழுதுல வலைக்காரங்க பாத்து இழுத்துட்டு வந்தாங்க. அப்பவும் வரமாட்டேன்னு சண்டை. சார் இன்னும் போதும்னு சொல்லலையாம்."

சேட்டனுக்குக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒன்பது நாள் கிடந்தார்.

"கெடந்த கெடையில ரெண்டு கையும் துடுப்புப் போட்டுட்டே இருக்கும். சார் சொல்லிட்டாரு அப்பச்சான்னு நான் பொய்கூட சொன்னேன். 'என் காதுல விழலியே மோளே'ன்னாரு. அதான் கடைசி."

உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தாள். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படம். அந்த ஊர் ஸ்டுடியோக்காரன் எடுத்தது.

"எடுத்தவன் சரியில்ல. கையப் பாரு, கலைஞ்சு போயிருக்கு. நீ எடுத்திருந்தா நல்லா வந்திருக்கும்."

நான் பார்த்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எது யார் தப்பு என்று எனக்குத் தெரியும். கேமரா ஆடினால் படம் முழுக்க ஆடும். இதில் மருமகன் துல்லியம், குழந்தைகள் துல்லியம், பூவும் மெழுகுவர்த்திச் சுடரும் துல்லியம். சேட்டனின் முகமும் துல்லியம். நெஞ்சின் மேல் வைத்த இரண்டு கை மட்டும் கலைந்திருந்தது. விரலில் சுற்றின ஜெபமாலையின் மணிகள் மணியாக இல்லை, இழுத்த கோடாக இருந்தன. முன்னாலிருந்து பின்னால், ஒரே வீச்சில்.

ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் அந்தப் படத்தில் அசைந்தது ஒருவர்தான்.

"ஆமா சேச்சி, எடுத்தவன் சரியில்ல" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள் அதே கரையில் போய் நின்றேன். நல்ல பனி. ஆறரை மணி வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வேலை முடித்துக் கரையேறின வலைக்காரர்களைக் கேட்டேன். முன்பெல்லாம் பனியில் ஒரு வள்ளம் தெரியுமாம், யாரோ என்று விட்டுவிடுவார்களாம். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

அங்கிருந்தே அஜயகோஷ் சாரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கிழவர் உங்க ஒரு வார்த்தைக்காகத்தான் சார் அலையறாரு. வந்து கரையில நின்னு சொல்லிட்டுப் போயிடுங்க. சாயா ஆறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் சிரித்தார். "அந்தச் சவப்பெட்டி ஃபோட்டோவை எனக்கு அனுப்பேன் தங்கச்சா. 'தனிமை' பக்கத்துல வச்சா நல்லாருக்கும்."

நான் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் குரலுக்குப் பின்னால் அது கேட்டது.

ளக்...

"சார், அது என்ன சத்தம்?"

"சத்தமா? ஒண்ணுமில்லையே. பால்கனியில நிக்கறேன். இன்னிக்கு இங்க செம பனி, எதிர்க் கட்டடமே தெரியல. காப்பியோட ஒண்ணு எடுத்துட்டிருக்கேன்."

ளக்... ளக்...

துடுப்பு. அன்றைக்குக் காயலில் கேட்காத சத்தம்.

"சார், போதும்னு சொல்லுங்க. இப்பவே. சத்தமா."

"யாருகிட்ட?" என்று மறுபடியும் சிரித்தார்.

ளக்.

இந்தத் தடவை மிகவும் கிட்ட.

நான் ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ஏழு மணிக்குக் காப்பிப் படம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இன்று வரை வரவில்லை. என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவும் இல்லை. நான் என்ன அவருக்கு மேஸ்திரியா? கிட்ட வரச் சொன்னவர் அவர்தான்.