பொட்டு வைத்த ஜாயிண்ட்

எங்கள் வீட்டு வாசலுக்கு ஆட்டோ வராது. பிள்ளைப்பாக்கம் ரோட்டிலிருந்து ஏரிக்கரை வழியாக முக்கால் கிலோமீட்டர். பாதி கல், பாதி சேறு. நன்றாக இருந்த பழைய பாதையில் ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவர் எழுந்துவிட்டது. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் அந்த முக்கால் கிலோமீட்டர்தான் எங்கள் கழுத்தைப் பிடித்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் தலைசுற்றிச் சாய்ந்துவிடுவாள். டயாலிசிஸ் ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பைக்குக்குப் பின்னால் இழுக்க ஒரு சின்ன ட்ரெய்லர் செய்வதென்று முடிவெடுத்தேன். ஒரகடத்தில் எட்டு வருடமாக சேசிஸ் வெல்டர் நான். முகம் தெரியாதவன் ஓட்டப்போகும் வண்டிக்கெல்லாம் வெல்டு வைக்கிறவன், கட்டினவளுக்கு ஒரு வண்டி செய்ய மாட்டேனா என்ற திமிர்.

சதுரப் பைப்பில் சட்டம். இரண்டு பழைய மொபெட் சக்கரம். பஸ்ஸிலிருந்து கழற்றிய ஒற்றை சீட்டு. அதுவரை சுலபம். உயிரை வாங்கியது பைக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கிதான். முதலில் டிராக்டருக்குப் போடுவதுபோல் ஒரு இரும்புப் பின் போட்டேன். மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிப் பார்த்தால், வளைவில் பைக் சாய்ந்ததும் ட்ரெய்லரும் கூடவே சாய்ந்து குப்புறக் கவிழ்ந்தது. திண்ணென்று கிடந்த மூட்டையை அவளாக நினைத்துப் பார்த்து, அந்தப் பின்னை அன்றைக்கே அறுத்து எறிந்தேன். பைக் சாயலாம், மேடு பள்ளம் ஏறலாம், ட்ரெய்லர் மட்டும் தன் இரண்டு காலில் நிற்க வேண்டும். வல்லம் வடகால் பக்கம் பழைய இரும்புக் கடையில் எல்லாப் பக்கமும் திரும்பும் ஒரு ஜாயிண்ட் கிடைத்தது. அதை வைத்துக் கொக்கியை மாற்றினேன்.

இங்கே எங்கள் ஃபேக்டரி லைன் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெல்டு வைத்ததும் குவாலிட்டி ஆள் வந்து பார்ப்பான். சரியாக இருந்தால் மஞ்சள் மார்க்கரில் ஒரு புள்ளி. அதற்கு ‘பொட்டு’ என்று பேர். பொட்டு இருந்தால் அடுத்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கியின் மேல்பக்கம் முழு வெல்டு வைத்துவிட்டேன். அடியில் இரண்டு டேக் மட்டும், பிடிப்புக்காக வைக்கும் துளி வெல்டு. அதற்குள் கரண்ட் போனது. சும்மா உட்காரக் கை கேட்குமா? லைனிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் மார்க்கரை எடுத்து எல்லா ஜாயிண்டுக்கும் பொட்டு வைத்தேன். அடிப்பக்கம் உட்பட. கரண்ட் வந்ததும் சட்டத்தைப் புரட்டினேன். மஞ்சளைப் பார்த்ததும் அடியில் வெல்டு பாக்கி என்பதே மறந்துபோனது. கை தானாகப் பெயின்ட் டப்பாவுக்குப் போனது.

மணல் மூட்டையோடு இரண்டு சுற்று ஓடியது. அவளோடு இரண்டு நாள் ஓடியது. “மகாராணி மாதிரி கீதுய்யா” என்றாள். மூன்றாம் நாள் கரையிலிருந்து இறங்கும்போது பைக் திடீரென்று லேசானது. திரும்பினேன். ட்ரெய்லரின் மூக்கு மண்ணில் குத்தி நிற்க, அவள் சேற்றில் குப்புறக் கிடந்தாள். இடது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது.

டயாலிசிஸ் ஊசி போட நரம்பு சேர்த்துத் தைத்த கை அது. அடிபட்டு அடைத்துக்கொண்டால் வேறு இடம் தேட வேண்டும், அவளுக்கு வேறு இடமும் சரியில்லை. விழும்போதுகூட முகத்தைக் கொடுத்துக் கையைக் காப்பாற்றியிருக்கிறாள். ஓடிப்போய் அந்தக் கையில் விரலை வைத்தேன். உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, அடைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். “அப்பறம் அழுவு, தூக்கு மொதல்ல” என்றாள், உதட்டில் ரத்தத்தோடு. முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஓடினேன்.

எங்கள் லைன் குவாலிட்டி ஆள் என் கூட்டாளி. உடைந்த கொக்கியைக் கையில் வாங்கி, அடியில் பெயின்டைச் சுரண்டி மஞ்சளைப் பார்த்தான். பிறகு, “வெல்டு வெச்சவனே பொட்டு வெக்கலாமாடா? நீயே பரீட்சை எய்தி, நீயே மார்க்கு போட்டுக்கினியா?” என்றான். செருப்பால் அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. மறுபடி வெல்டு வைத்தேன். அவன் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயிண்டையும் பார்த்தான். கொக்கி விட்டாலும் பிடிக்க ஒரு சங்கிலியும் சேர்த்தோம்.

ஆனாலும் அடுத்த முறை ட்ரெய்லரைத் தொட எனக்குக் கை வரவில்லை. “வேணாம், முதுவுலயே தூக்கிக்கினு போறேன்” என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்தாள். உதட்டுக் காயம் ஆறவில்லை.

“நாலு மணி நேரம் ஒடம்புல கீற ரத்தத்தயெல்லாம் ஒரு மெஷினுகிட்ட குட்த்துட்டு படுத்துக்கினு கீறேன். அத்த செஞ்சவன் யாருன்னே எனக்குத் தெரியாது. உன்னத் தெரியும். வண்டிய எடுய்யா.”

கிக்கரை உதைத்தேன். முதல் உதையில் பிடிக்கவில்லை. இறங்கிப் போய்ச் சங்கிலியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உதைத்தேன்.