தின்னத் தின்ன வெளுத்தேன்

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் நடந்தது இது. புகுந்த வீட்டுக்கு முன்பக்கம் சொந்த ரொட்டிக்கடை, பின்பக்கம் குடித்தனம். கீரனூரில் சோறும் கம்பங்கூழுமாக வளர்ந்தவளுக்குக் காலையில் பன், சாயங்காலம் ரஸ்க் என்று ஒரே ராஜபோகம்!

கொஞ்ச நாளில் வயிறு கெட்டது. முகம் வெளுத்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த நிலையில் முழுகாமலும் இருந்தேன். ரத்தமே இல்லை என்று டாக்டர் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் பலனில்லை.

மாமியாரின் மூத்த மகள் இப்படித்தான் வெளுத்துப்போய், பிரசவத்தில் இறந்தாராம். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் மாமி தினமும் என் கண் இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பார். அதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

உடம்பு சரியில்லை என்றால் நம் ஊரில் ரொட்டியும் பாலும்தானே? மாமி சோற்றை அடியோடு நிறுத்தினார். "சோறு கனம் புள்ள. செத்த நேரம் பொறு, சூடா ரொட்டி வரும்" என்பார். நான் தின்னத் தின்ன மோசமானேன். வயிற்றில் பிள்ளையின் அசைவும் குறைந்ததும், பதறிப்போய் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்புவேன் என்று நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் கலிமா சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கிருந்த லேடி டாக்டர், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"ஒரு பருக்கை சோறு குடுக்கலைங்கம்மா. அம்புட்டும் ரொட்டிதான்" என்றார் மாமி, பெருமையாக.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். சிலருக்குக் கோதுமை குடலையே கெடுத்துவிடுமாம். அந்தக் குடலில் எவ்வளவு டானிக் ஊற்றினாலும் ரத்தத்தில் சேராதாம். "கோதுமையைக் கண்ணுலயே காட்டாதீங்க. இரும்பை ஊசியில ஏத்துறேன்" என்றார்.

அந்த ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சை அடைத்துவிடும் என்று, முதலில் துளி மருந்து மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சையும் நான் பயந்து பயந்து இழுத்தேன். என் கையைப் பிடித்திருந்த மாமி திடீரென்று டாக்டரிடம் கேட்டார்:

"எம் மகளுக்கும் ரொட்டிதானம்மா குடுத்தேன்?"

"எல்லாருக்கும் இது வராதும்மா" என்றார் டாக்டர்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசியும் சோறுமாக உடம்பு தேறி, நல்லபடியாக ஒரு பெண் குழந்தையைப் பெற்றேன். ஆனால் மாமியின் அந்தக் கேள்வி தந்த பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் யாருக்குப் பரிமாறினாலும், "இது உங்களுக்கு ஒத்துக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் கை நீள்வதில்லை.